பனிக்கரடிகளை எண்ணுவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

ஆர்க்டிக் கடற்பனி உருகுவதைப் பற்றி இந்த இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்துவிட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்களில் பெரும்பாலானவை பனிக்கரடிகளின் எண்ணிக்கையைப் பற்றியே கேட்டிருந்தன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் அவற்றுள் தெளிவாக இருந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: உலகில் 26,000 பனிக்கரடிகள் இருப்பதாகச் செய்திகளில் சொல்லப்படுகிறது. மனித நடமாட்டமே இல்லாத பனிவெளியில் இவற்றை எண்ணியவர்கள் யார்? (வாசகர், சேலம்)

பதில்: ஒவ்வொரு கரடியாக எவரும் எண்ணவில்லை. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 2015 ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின் நடுவெண்தான் 26,000. அந்த மதிப்பீடு முழுமையாக எழுதப்படும்போது, உண்மையான எண்ணிக்கை 22,000 முதல் 31,000 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கக்கூடும் என்று இரண்டு எல்லைகளும் உடன் தரப்படும். செய்திகளில் நடுவெண் மட்டும் நின்றுவிட, எல்லைகள் காணாமல் போய்விடுகின்றன. அதனால்தான் யாரோ அமர்ந்து எண்ணி முடித்ததைப் போன்ற தோற்றம் உண்டாகிறது.

கனடா, அமெரிக்காவின் அலாஸ்கா, ரஷ்யா, நார்வே, டென்மார்க்கின் ஆட்சிக்குட்பட்ட கிரீன்லாந்து ஆகிய ஐந்து பகுதிகளில் பரவி வாழும் இக்கரடிகளை ஆய்வாளர்கள் நீண்ட காலமாக 19 வட்டாரக் கூட்டங்களாகப் பிரித்து ஆராய்ந்து வருகின்றனர். கிரீன்லாந்தின் தென்கிழக்குக் கரையில் சில நூறு கரடிகள் மரபணு வகையில் தனித்த கூட்டமாக வாழ்வதை 2022 இல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியபின் இருபதாவது கூட்டமும் பேசப்படுகிறது. இவற்றில் கனடாவின் ஹட்சன் விரிகுடா, தெற்கு பியூஃபோர்ட் கடல் போன்ற சில வட்டாரங்கள் பல பத்தாண்டுகளாகக் கூர்ந்து கவனிக்கப்படுகின்றன. ரஷ்யக் கரையோரத்துக் காரா கடல், லாப்டேவ் கடல் ஆகியவற்றிலும் துருவத்தைச் சூழ்ந்த நடு ஆர்க்டிக்கிலும் முறையான கணக்கெடுப்பு மிகக் குறைவு. ஆகவே உலகத்துக்கான ஒற்றை எண் என்பது, நன்றாக அளக்கப்பட்ட இடங்களின் கணக்கும் வல்லுநர்களின் ஊகமும் வெவ்வேறு ஆண்டுகளிலிருந்து எடுத்துக் கூட்டப்பட்ட தொகையாகும். என்னைப் பொறுத்தவரை உலகத் தொகையைவிட வட்டாரக் கணக்குகளே நம்மைப் பலமடங்கு தெளிவுபடுத்துகின்றன. கீழேயுள்ள பதில்கள் பெரும்பாலும் அவற்றையே சார்ந்தவை.

கேள்வி: கண்ணில் படாத கரடிகளையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள் என்கிறார்கள். காணாததை எப்படிக் கணக்கில் சேர்க்க முடியும்? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

பதில்: இந்தத் துறையின் அடித்தளமே உங்கள் கேள்வியில் இருக்கிறது. முதலில் களத்தில் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். ஹெலிகாப்டரில் செல்லும் ஆய்வாளர்கள் கரடியைக் கண்டதும் தாழப் பறந்து மயக்க மருந்து நிரம்பிய ஊசியைத் துப்பாக்கியால் செலுத்துகிறார்கள். கரடி அசைவற்றுப் படுத்தபின் காதில் எண்ணிட்ட வில்லையைப் பொருத்துகிறார்கள். வில்லை கழன்று விழுந்தாலும் அடையாளம் அழியாதபடி அதே எண்ணை மேலுதட்டின் உட்புறத்தில் பச்சை குத்துகிறார்கள். கோரைப்பல்லின் பின்னால் உள்ள, கரடிக்குப் பயன்படாத சிறு முன்கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கி எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பல்லின் வேரை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல அடுக்குகள் தெரியும். அவற்றிலிருந்து வயது கிடைக்கும். உடல் நீளமும் மார்புச் சுற்றளவும் அளக்கப்படுகின்றன. பிறகு கரடி அதே இடத்தில் விழித்தெழும்படி விடப்படுகிறது.

இனி கணக்கு. ஒரு வட்டாரத்தில் இந்த ஆண்டு 100 கரடிகளுக்கு அடையாளமிட்டதாகக் கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு 80 கரடிகளைப் பிடிக்கும்போது அவற்றில் 20 ஏற்கெனவே அடையாளமிடப்பட்டவை. பிடிபட்டவற்றில் நான்கில் ஒரு பங்கு அடையாளம் உள்ளவை என்றால், மொத்தக் கூட்டத்திலும் நான்கில் ஒரு பங்குதான் நாம் முதலில் அடையாளமிட்ட 100 என்று கொள்ளலாம். அப்படியானால் மொத்தம் 400. மீன்களுக்கு அடையாளமிட்ட டென்மார்க் ஆய்வாளர் பீட்டர்சனின் பெயரையும் வாத்துகளுக்கு வளையமிட்ட அமெரிக்கர் லிங்கனின் பெயரையும் சேர்த்து இந்தக் கணக்கை லிங்கன்–பீட்டர்சன் மதிப்பீடு என்பார்கள்.

கணக்கு எளிது; அது நிற்கும் நிபந்தனைகள் எளிதல்ல. இரண்டு ஆண்டுகளுக்கு இடையில் பிறப்பு, இறப்பு, வரத்து, போக்கு எதுவும் கூடாது. அடையாளம் தொலையக் கூடாது. எல்லாக் கரடிகளும் பிடிபடும் வாய்ப்பு ஒன்றாக இருக்க வேண்டும். ஒருமுறை ஊசிபட்ட கரடி அடுத்த முறை ஹெலிகாப்டரின் ஓசை கேட்டதும் ஒதுங்கிவிட்டால், அடையாளமுள்ளவை குறைவாகச் சிக்கும். மொத்த எண்ணிக்கை உண்மையைவிட மிகுதியாக வரும். மாறாக, சில கரடிகள் எப்போதும் கரையோரம் திரிந்து திரும்பத் திரும்பச் சிக்க, வேறு சில தொலைதூரப் பனியிலேயே தங்கிவிட்டால், எண்ணிக்கை குறைவாக வரும். பல ஆண்டுத் தரவுகளைக் கொண்டு, வயது, பால், இடம் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கணக்கில் சேர்க்கும் விரிவான புள்ளியியல் முறைகள் உருவானதற்குக் காரணம் இந்த நிபந்தனைகள் இயற்கையில் ஒருபோதும் முழுமையாக நிறைவேறாமையே.

ஊசியே இல்லாத முறையும் உண்டு. கோடையில் ஹட்சன் விரிகுடாவின் பனி முழுவதும் உருகிவிடுவதால் கரடிகள் கரையேறிவிடுகின்றன. பழுப்பும் பச்சையுமான நிலத்தில் வெண்ணிறக் கரடி நன்றாகத் தெரியும். அப்போது முன்கூட்டியே வரைந்த கோடுகளில் விமானமோ ஹெலிகாப்டரோ பறக்க, முன் இருக்கைக்காரரும் பின் இருக்கைக்காரரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் தனித்தனியாகக் கரடிகளைப் பார்க்கிறார்கள். கரடி கடந்து பின்னால் போனபிறகுதான் வாய் திறக்கலாம். முன்னவர் 40, பின்னவர் 35, இருவரும் கண்டவை 28 என்றால் மேலே சொன்ன அதே விகிதக் கணக்கில் அந்தக் கோட்டோரம் இருந்தவை 50 என்று வரும். அதாவது, ஒருவர் தவறவிட்டதை மற்றவர் பிடித்த அளவைக் கொண்டு, இருவருமே தவறவிட்டவை எத்தனை என்று அறிகிறோம். கோட்டிலிருந்து தூரம் கூடக்கூடக் கண்ணில் படுவது குறைவதையும் ஒவ்வொரு கரடியின் தூரத்தையும் அளந்து ஈடுசெய்கிறார்கள்.

கேள்வி: இந்தியாவில் புலிகளைத் தானியங்கிக் கேமராவில் படம் பிடித்து வரிகளைக் கொண்டு கணக்கிடுகிறார்களே, அதே முறை இங்கு உதவாதா? (ஆசிரியர், பொள்ளாச்சி)

பதில்: ஒரு புலியின் வரி மற்றொரு புலிக்கு இருக்காது, அதனால் புகைப்படமே அடையாளமாகிவிடுகிறது. பின்னால் நடப்பது மேலே சொன்ன மீளப் பிடிக்கும் கணக்குதான். பனிக்கரடிக்கு வரியும் இல்லை, புள்ளியும் இல்லை. மேலும் புலிகள் காட்டுத் தடங்களில் திரும்பத் திரும்ப நடக்கும். நகர்ந்துகொண்டே இருக்கும் கடற்பனியில் கேமரா நட ஒரு மரமும் இல்லை, நிலையான தடமும் இல்லை. மீசைமயிர் முளைக்கும் புள்ளிகளின் அமைப்பு கரடிக்குக் கரடி வேறுபடுவதை, ஹட்சன் விரிகுடாக் கரையிலுள்ள சர்ச்சில் நகரத்தை அடுத்த பகுதியில் எடுத்த படங்களைக் கொண்டு ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அதற்கு மிக அருகிலிருந்து முகத்தின் பக்கவாட்டைத் தெளிவாகப் படமெடுக்க வேண்டும் என்பதால் பரந்த வட்டாரங்களுக்கு அது ஒத்துவராது.

கேள்வி: மயக்க ஊசி செலுத்துவதும் கழுத்துப்பட்டை மாட்டுவதும் விலங்குக்குத் துன்பமில்லையா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: துன்பம் உண்டு, அதைக் குறைத்துச் சொல்வது சரியல்ல. துரத்தப்படும் கரடியின் உடல் சூடேறும். மயக்கத்தில் அரிதாக இறப்பும் நேர்ந்திருக்கிறது. விடப்பட்ட கரடிகள் சில நாட்களில் வழக்கமான நடமாட்டத்துக்குத் திரும்புவதைத் தடமறி கருவிகள் காட்டுகின்றன. என்றாலும் எந்த முறையிலும் துன்பம் குறைவாக இருக்க வேண்டும் என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. இருப்பிடத்தைச் செயற்கைக்கோள் வழியே தெரிவிக்கும் கழுத்துப்பட்டை வளர்ந்த பெண் கரடிகளுக்கு மட்டுமே மாட்டப்படுகிறது. ஆண் கரடியின் கழுத்து தலையைவிடப் பருத்தது. எவ்வளவு இறுக்கினாலும் பட்டை நழுவி விழுந்துவிடும். இதன் விளைவாக, ஆண் கரடிகளின் நெடுந்தூர நடமாட்டத்தைப் பற்றிய அறிவு பெண் கரடிகளைப் பற்றியதைவிட மெலிந்தே இருக்கிறது.

கனடாவின் நுனாவுட் பகுதியில் வாழும் பழங்குடியினரான இனுயிட் மக்கள் மருந்து ஏறிய கரடியின் இறைச்சியை உண்பதைக் குறித்தும், ஆய்வுக்காக விலங்கைக் கையாள்வதன் முறையின்மை குறித்தும் வெளிப்படையாகவே எதிர்ப்புத் தெரிவித்தனர். கனடாவுக்கும் கிரீன்லாந்துக்கும் இடையிலுள்ள பஃபின் விரிகுடாவிலும் கேன் படுகையிலும் 2011 முதல் 2014 வரை நடந்த கணக்கெடுப்பில் மயக்கமருந்து இல்லாத சிறு ஊசி பயன்பட்டது. அது கரடியின் தோலில் பட்டுத் துளியளவு திசுவை எடுத்துக்கொண்டு கீழே விழும். ஆய்வாளர்கள் இறங்கி அதைப் பொறுக்கி எடுப்பார்கள். அதிலுள்ள டி.என்.ஏ.தான் காது வில்லைக்குப் பதிலான அடையாளம். வேட்டையாடப்பட்ட கரடிகளின் தசைத் துணுக்கை வேட்டைக்காரர்கள் ஒப்படைக்கும்போது அதே டி.என்.ஏ. மீண்டும் தென்பட்டால், அந்தக் கரடி எந்த ஆண்டு இறந்தது என்பது உறுதியாகிவிடுகிறது. வயதையும் உடல்நிலையையும் பல்லைப் பார்த்து அறியும் அளவுக்கு இம்முறையில் அறிய முடியாது. அந்த இழப்பைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

கேள்வி: ஒரு கரடி மீண்டும் தென்படவில்லை என்றால் அது செத்துவிட்டதா, எங்கோ உயிருடன் இருக்கிறதா என்பதை எப்படி அறிவது? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: வந்த கடிதங்களில் நான் மிகவும் மதித்த கேள்வி இது. பனிவெளியில் இறந்த கரடியின் உடல் கிடைப்பது அபூர்வம். ஆகவே இறப்பை நேரே எண்ண முடியாது; தென்படாமையிலிருந்துதான் ஊகிக்க வேண்டும். தென்படாமைக்கு இறப்பு, வட்டாரத்தை விட்டு நிரந்தரமாக வெளியேறுதல், உயிருடன் அங்கேயே இருந்தும் நம் கண்ணில் படாமை என்று மூன்று காரணங்கள் இருக்கலாம்.

மூன்றாவதைப் பிரித்தெடுக்கும் வழி அழகானது. 2001 இல் 100 கரடிகளுக்கு அடையாளமிட்டதாகக் கொள்வோம். 2002 இல் அவற்றில் 36 மட்டும் கண்டோம். மீதி 64 இறந்துவிட்டன என்று எழுதிவிடக் கூடாது. 2003 லும் அதற்குப் பிறகும் தேடியபோது அந்த 100 இல் 50 கரடிகள் தென்பட்டன. இந்த 50-உம் 2002 இல் உயிருடன் இருந்தன என்பதில் ஐயமில்லை. அவற்றில் எத்தனையை நாம் 2002 இல் பார்த்திருந்தோம் என்று குறிப்பேட்டைப் புரட்டினால், 20. அப்படியானால் 2002 இல் உயிருடன் இருந்த கரடி ஒன்று நம் கண்ணில் படும் வாய்ப்பு 40 சதவீதம். அந்த ஆண்டு பார்த்த 36 என்பது உயிருடன் இருந்தவற்றின் 40 சதவீதம் என்றால், உயிருடன் இருந்தவை 90. ஆகவே ஓராண்டு உயிர்பிழைப்பு வீதம் 90 சதவீதம். கோர்மாக், ஜாலி, செபர் ஆகிய மூவரின் பெயரால் வழங்கும் முறையின் சாரம் இதுவே. இறப்பையும் வெளியேற்றத்தையும் இந்தக் கணக்கு தனியாகப் பிரிக்காது என்பதால் கிடைக்கும் எண்ணைத் தோற்ற உயிர்பிழைப்பு வீதம் என்று கவனமாகச் சொல்வார்கள். கழுத்துப்பட்டைகளிலிருந்து வரும் இடத்தகவலும் வேட்டைப் பதிவுகளும் சேரும்போது அந்தப் பிரிவினையும் ஓரளவு கைகூடுகிறது.

எண்ணிக்கையைவிட உயிர்பிழைப்பு வீதத்தையே, அதிலும் வளர்ந்த பெண் கரடியின் வீதத்தையே, நான் முதலில் பார்ப்பேன். பெண் கரடி ஐந்தாறு வயதில்தான் முதல் ஈற்றை ஈனுகிறது. பெரும்பாலும் இரண்டு குட்டிகள். அவை இரண்டரை ஆண்டுகள் தாயோடு இருப்பதால் அடுத்த ஈற்றுக்கு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இப்படி மெதுவாகப் பெருகும் விலங்கில் தாயின் ஆயுளே கூட்டத்தின் ஆயுள். ஆண்டு வீதம் 96 சதவீதமாக இருந்தால் 100 பெண் கரடிகளில் பத்தாண்டுக்குப் பின் 66 எஞ்சும். 90 சதவீதமாக இருந்தால் 35 தான். ஆறு சதவீத வேறுபாடு பாதிக் கூட்டத்தைத் தின்றுவிடுகிறது.

அலாஸ்காவுக்கும் கனடாவுக்கும் வடக்கேயுள்ள தெற்கு பியூஃபோர்ட் கடலில் 2001 முதல் 2003 வரை கண்டத்திட்டின்மேல், அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடற்பகுதியில், பனியில்லாத நாட்கள் சராசரியாக 101. வளர்ந்த பெண் கரடிகளின் உயிர்பிழைப்பு வீதம் 96 முதல் 99 சதவீதம். 2004, 2005 ஆகிய ஆண்டுகளில் பனியில்லாத நாட்கள் சராசரியாக 135 ஆக நீண்டன. வீதம் 73 முதல் 79 சதவீதமாக விழுந்தது. கரடி சீல்களைப் பிடிப்பது பனியின் மேலிருந்துதான். ஆழம் குறைந்த கண்டத்திட்டின் மேல்தான் சீல்கள் மிகுதி. பனி அங்கிருந்து விலகிய ஒவ்வொரு வாரமும் கரடி தன் உடல் கொழுப்பைத் தின்று வாழ்கிறது. அலாஸ்காப் பகுதியில் 2004 முதல் 2007 வரை ஆய்வாளர்கள் கண்ட 80 குட்டிகளில் பிழைத்ததாக அறியப்பட்டவை இரண்டு மட்டுமே. முன்பு சுமார் 1,500 ஆக இருந்த அந்தக் கூட்டம் 2010 இல் சுமார் 900 ஆக ஓர் ஆய்வில் மதிப்பிடப்பட்டது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் வளர்ந்த கரடிகளின் வீதம் சற்றே மீண்டதையும் அதே ஆய்வு பதிவு செய்திருக்கிறது.

கேள்வி: மேற்கு ஹட்சன் விரிகுடாவில் ஐந்தே ஆண்டுகளில் கால்பங்குக்கு மேல் குறைந்துவிட்டதாகப் படித்தேன். உண்மைதானா? (வாசகர், சென்னை)

பதில்: 2016 இல் 842 என்றும் 2021 இல் 618 என்றும் வான்வழிக் கணக்கெடுப்புகள் மதிப்பிட்டன, வேறுபாடு 27 சதவீதம். ஆனால் முதல் எண்ணின் எல்லைகள் ஏறத்தாழ 560 முதல் 1,120 வரை, இரண்டாவதன் எல்லைகள் 385 முதல் 852 வரை. இரண்டு எல்லைகளும் பெரிதும் ஒன்றன்மேல் ஒன்று கவிந்திருப்பதால் இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு சரிவின் அளவைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. மேலும் பக்கத்திலுள்ள தெற்கு ஹட்சன் விரிகுடாவில் அதே காலத்தில் மதிப்பீடு 780 இலிருந்து 1,119 ஆக உயர்ந்தது. சில கரடிகள் எல்லை தாண்டி அங்கு போயிருக்கலாம். கரடிக்கு நாம் வரைபடத்தில் போட்ட கோடு தெரியாது.

இருந்தாலும் மேற்கு ஹட்சன் விரிகுடாவின் சரிவை நான் ஐயப்படவில்லை. 1987 இல் அங்கே 1,194 கரடிகள் என்றும் 2004 இல் 935 என்றும் அடையாளமிட்டு மீளப் பிடிக்கும் முறை காட்டியது. அந்த ஆய்வில் பனி எந்த ஆண்டில் முன்கூட்டியே உடைந்ததோ அந்த ஆண்டில் குட்டிகள், இளங்கரடிகள், முதிய கரடிகள் ஆகியவற்றின் உயிர்பிழைப்பு வீதம் குறைந்தது. நடுவயதுக் கரடிகளிடம் அந்தத் தொடர்பு தென்படவில்லை. உணவுப் பற்றாக்குறை முதலில் தாக்கக்கூடியவை எவையோ அவற்றையே தாக்கியிருக்கிறது. எண்ணிக்கையின் வீழ்ச்சிக்குக் காரணமும் பக்கத்திலேயே நிற்பதால் இந்தச் சான்று வலுவுடையதாகிறது.

கேள்வி: 1960-களில் 5,000 ஆக இருந்தவை இன்று 26,000 ஆகிவிட்டன, ஆபத்து என்பதே பொய் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. என்ன சொல்கிறீர்கள்? (வாசகர், திருச்சி)

பதில்: 5,000 என்பது கணக்கெடுப்பு அல்ல, அக்காலத்து ஊகங்களுள் ஒன்று, அதே காலத்தில் 20,000-ஐ நெருங்கும் ஊகங்களும் இருந்தன. தமக்கு வேண்டிய ஊகத்தை மட்டும் எடுத்து இன்றைய மதிப்பீட்டின் பக்கத்தில் வைப்பது நேர்மையான ஒப்பீடு ஆகாது. ஆனால் அச்செய்தியில் ஓர் உண்மையும் கலந்திருக்கிறது. கட்டுப்பாடற்ற வேட்டை ஒரு காலத்தில் கரடிகளை வெகுவாகக் குறைத்திருந்தது. ஐந்து நாடுகளும் 1973 இல் ஆஸ்லோவில் செய்துகொண்ட ஒப்பந்தத்தை ஒட்டி வேட்டை தடுக்கப்பட்டோ கட்டுப்படுத்தப்பட்டோ சில வட்டாரங்கள் மீண்டன. கனடாவின் மெக்ளின்டாக் கடற்கால்வாயில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் 300 ஆக இருந்த மதிப்பீடு, வேட்டை நிறுத்தப்பட்டபின் 2014–16 இல் 716 ஆனது. கேன் படுகையில் 164 ஆக இருந்தது 357 ஆனது. அங்கே பல்லாண்டுத் தடித்த பனி மெலிந்ததால் தற்காலிகமாகச் சீல்களுக்கும் கரடிகளுக்கும் நன்மையே விளைந்திருக்கிறது. துப்பாக்கியால் குறைந்த கூட்டம் துப்பாக்கியை நிறுத்தினால் மீளும். பனியின்மையால் குறையும் கூட்டத்துக்கு அந்த மருந்து பலிக்காது.

கேள்வி: அங்கேயே வாழும் இனுயிட் மக்கள் கரடிகள் பெருகிவிட்டதாகச் சொல்கிறார்களாமே? (வாசகி, சிங்கப்பூர்)

பதில்: ஆம், பல ஊர்களில் அப்படித்தான் சொல்கிறார்கள். தம் பெற்றோர் காலத்தைவிட இப்போது ஊருக்கருகே கரடிகளை மிகுதியாகக் காண்பதாக மூத்த வேட்டைக்காரர்கள் சொல்வது நேரடி அனுபவம். பனியற்ற காலம் நீள்வதால் கரடிகள் கரையில் கூடுதல் நாட்கள் தங்கி ஊரை நாடுகின்றன என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். வேட்டைக் கட்டுப்பாட்டால் உண்மையாகவே பெருகின என்று ஊரார் விளக்குகிறார்கள். எந்த விளக்கம் பொருந்தும் என்பது வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடுகிறது. நுனாவுட்டில் எத்தனை கரடிகளை வேட்டையாடலாம் என்ற வரம்பு இந்த மதிப்பீடுகளைக் கொண்டே முடிவாவதால், ஒரு தவறான எண் அவர்கள் வீட்டு உணவையும் உடையையும் வருமானத்தையும் நேராகத் தொடும். தங்கள் அறிவு கணக்கில் சேர வேண்டும் என்று அவர்கள் கேட்பது முற்றிலும் நியாயமானது. அண்மைக் காலக் கணக்கெடுப்புகளில் பறக்கும் பார்வையாளர்களுள் ஊர்க்காரர்களும் இடம்பெறுகிறார்கள்.

கேள்வி: செயற்கைக்கோளிலிருந்தே எண்ணிவிட முடியாதா? (பள்ளி மாணவர், ஈரோடு)

பதில்: முடிந்திருக்கிறது, ஓரிடத்தில். கனடாவின் ஃபாக்ஸ் படுகையிலுள்ள ரௌலி தீவில் 2012 ஆம் ஆண்டின் கோடையில் எடுத்த உயர்தரச் செயற்கைக்கோள் படங்களில் வெண்புள்ளிகளை இருவர் தனித்தனியாகத் தேடினர். கிடைத்த மதிப்பீடு 94. அதே காலத்தில் விமானத்தில் பறந்து எடுத்த மதிப்பீடு 102. இரண்டும் இவ்வளவு நெருங்கியதற்கு அந்தத் தீவு தட்டையானது, அப்போது பனியற்றது, கரடிகள் அடர்ந்தது என்பவையே காரணம். வெண்பனிமேல் நிற்கும் வெண்கரடியை அந்தப் படத்தில் பிரித்தறிவது மிகக் கடினம். மேலும், படம் கரடியின் வயதையும் பாலையும் சொல்லாது. போன ஆண்டு கண்ட கரடிதானா இது என்றும் சொல்லாது. ஆகவே எண்ணிக்கைக்கு அது துணையாகலாம். உயிர்பிழைப்பு வீதத்துக்குக் காது வில்லையோ டி.என்.ஏ. துணுக்கோ இன்னும் வேண்டியிருக்கிறது.